ஏழாவது புள்ளி

பச்சை குத்தும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, ஊசி எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும், கையுறையை எப்போது மாற்ற வேண்டும், மை எங்கே வாங்க வேண்டும் என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லித்தருவார்கள். மணிக்கட்டு ஒத்துழைக்காததால் நான் மெஷினை வைத்துவிட்டேன். இப்போது கடையில் வடிவங்கள் வரைந்து கொடுப்பதோடு சரி. என்னிடம் மிச்சம் இருப்பது வேறொன்று. கை நின்றுபோன ஒரு மத்தியானமும், அதற்குப் பிறகு என்ன செய்தோம் என்பதும்.

எங்கள் கடை கும்மிடிப்பூண்டியில், ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. ஷிப்ட் முடிந்த கையோடு, கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றாமல் படியேறி வருவார்கள். அவர்கள் என்ன வேண்டும் என்று சொல்வதற்கு முன்பே, என்ன பாட்டுக் கேட்கிறவர்கள் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இது விளையாட்டுப் பேச்சு இல்லை. கனமான கறுப்புக் கோட்டுக்குள் சிவப்பும் பச்சையும் நிரப்பிய நங்கூரம், ரோஜா, கத்தி எல்லாம் கப்பல்காரர்களிடமிருந்து வந்தவை. பின்னாளில் மேடையில் கித்தாரோடு குதித்தவர்கள் அவற்றைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். மண்டையோடும், முள்கொடியும், எழுதியவருக்கே படிக்க வராத எழுத்தும் கேட்டு வருகிறவர் காது கிழியும் பாட்டுக்காரர். மெல்லிய ஒற்றைக் கோட்டில் ஜெபமாலை, சாய்வெழுத்தில் பெயர் என்றால், அந்தப் பாணி அயல்நாட்டுச் சிறைக்கூடங்களில் பிறந்து ராப் பாடுகிறவர்களின் கழுத்து வழியாக நம்மிடம் வந்தது. கானா பாடுகிற பையன்கள் மைக்கும் அம்மா முகமும் கேட்பார்கள். சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிற பெண்கள் காதுக்குப் பின்னால் ஒரு சின்ன இசைக்குறி போதும் என்பார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நம்முடைய பச்சை. ஊசிக்கட்டோடு தெருத்தெருவாக வந்த பெண்கள் பாடிக்கொண்டேதான் குத்தினார்கள். அது வலியை மறக்கடிக்க மட்டும் இல்லை என்று, கையில் கோலம் குத்திக்கொண்ட பெரியவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். பாட்டில் ஒரு வரி முடிகிற இடத்தில் ஊசி மேலே வரும். குத்திக்கொள்கிறவளுக்கு எப்போது மூச்சு விடலாம் என்று தெரியும். பாட்டும் பச்சையும் ஒரே கையில்தான் இருந்தன.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சென்னையில் கடை வைத்திருந்தார். யாருமே கேட்க வராத ஒரு பாட்டுக் குழுவில் கித்தார் வாசித்தார். அதில் அவருக்கு வருத்தமே கிடையாது. கடையில் பாட்டுப் போட விடமாட்டார். ஒரு நாள் டிரம்ஸ் வாசிக்கிற ஒருவருக்குத் தோளில் டிராகன் குத்திக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கடையில் குத்துப்பாட்டு ஆரம்பித்தது. வந்தவரின் தோள் தானாக ஆடத் தொடங்கியது. இவர் மெஷினை அணைத்துவிட்டு, பாட்டு முடியும்வரை அவரோடு சேர்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "பாட்டுக்காரன் ஒடம்பு அவன் பேச்சக் கேக்காதும்மா. அது எப்பிடி நிக்கும், எப்பிடி ஆடும்னு பாத்துக்கினு அப்பறமா ஊசிய எடு." நான் அதை டிரம்ஸ்காரர்களுக்கான எச்சரிக்கை என்று மட்டும் எடுத்துக்கொண்டேன். அது எவ்வளவு பெரிய பேச்சு என்பது தேசிங்கு வந்த அன்றுதான் விளங்கியது.

தேசிங்கு ஒரு வார்ப்புத் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறவர். ஆடி மாதம் வந்தால் பம்பைக்காரர். ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிய இரண்டு மேளங்களை இடுப்பில் மாட்டிக்கொண்டு, பெரியபாளையத்தம்மன் கோயிலுக்கு வேண்டுதலோடு வருகிறவர்களின் முன்னால் அடித்துக்கொண்டு போகிறவர். செட்டு, அதாவது அந்தப் பம்பைக் குழு, அவருடைய மச்சான் நடராஜனுடையது. நடராஜனுக்குத் தோள்பட்டை வலி வந்துவிட்டதால், அந்த வருடம் முன்னால் நின்று அடி எடுத்துக்கொடுக்கும் பொறுப்பைத் தேசிங்குக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். செட்டில் மற்றவர்களுக்கு அதில் முணுமுணுப்பு: தங்கச்சி புருஷன் என்பதால் கிடைத்தது என்று. தேசிங்குக்கு அது தெரியும். அதனால்தான் செட்டின் அடியையே கையில் ஏற்றிக்கொண்டு அம்மன் முன்னால் நிற்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தார். ஆடிக்கு மூன்று வாரம் இருந்தது. புண் ஆறப் போதும்.

கூட அவர் மனைவி பவானியும் வந்திருந்தாள். நடராஜனின் தங்கை.

"அக்கா, இது படம் இல்ல. அடி," என்றார் தேசிங்கு, ஒரு தாளை நீட்டி.

"அடியா? யாராண்ட வாங்குனதுன்னும் சொல்லிடுய்யா," என்றாள் பவானி.

தாளில் ஆறு புள்ளிகள். சின்னப் புள்ளி என்றால் மேளத்தின் ஓரத்தில் விழும் லேசான அடி, டி. பெரிய புள்ளி என்றால் நடுவில் விழும் கனத்த அடி, தொம். டி டி தொம், டி தொம் தொம். சின்னதில் தொடங்கி, பெரியதில் போய் நிற்கிற அடி. அதைக் கேட்டால்தான் கரகம் தூக்கியவர்களுக்குக் கால் எழும்பும் என்றார்.

எனக்கு மனம் துள்ளியது. மண்டையோடும் சிங்கமுகமும் கேட்டுக் கேட்டு அலுத்திருந்த எனக்கு, வெறும் புள்ளி! நம்முடைய பழைய பச்சையே புள்ளியில் தொடங்கியதுதானே. வலது முன்னங்கையில், கட்டைவிரல் பக்கத்து விளிம்பில், முழங்கைக்குக் கீழிருந்து மணிக்கட்டை நோக்கி ஒரே வரிசையாகப் புள்ளிகள் பதியும்படி ஸ்டென்சில் தாளை ஒட்டினேன். எல்லோரையும் போல அவரையும் கண்ணாடி முன்னால் நிற்கவைத்தேன். கையைத் தொங்கவிட்டு, மேலிருந்து கீழாக ஒவ்வொரு புள்ளியாக எண்ணிப் பார்த்தார். "கரீட்டா கீதுக்கா," என்றார். நானும் அளவுகோல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். அதுவரை செய்தது எல்லாம் சரி. அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

வேலை சுலபமாக முடிந்தது. துடைத்துவிட்டு, "பாருங்க," என்றேன்.

தேசிங்கு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இடுப்பில் பம்பை இருப்பதுபோல வலது கையை மடக்கி, வயிற்றுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டார். அந்தக் கை அவருக்கு இருக்கிற இடமே அதுதான். இடது கை விரலால், தோலில் படாமல், இடமிருந்து வலமாகப் புள்ளிகளின் மேல் காற்றில் தட்டிக்கொண்டு போனார். கை மடங்கியதும் மணிக்கட்டு இடப்பக்கம் வந்துவிட்டது. முழங்கை வலப்பக்கம் போய்விட்டது.

"தொம் தொம் டி... தொம்..."

நிறுத்திவிட்டார்.

பவானி சிரித்துக்கொண்டிருந்த வாயை மூடினாள். "யோவ், இன்னாயா அடிக்கிற நீ?"

எனக்கு மட்டும்தான் புரியவில்லை. பவானிதான் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, திருப்பி அடிச்சா அது பாடை தூக்கிக்கினு போறப்ப அடிக்கிற அடி. தொம் தொம் டி, தொம் டி டி. பெரிசுல ஆரம்பிச்சு சின்னதா அடங்கிப்பூடும்."

படம் என்றால் தலை எது கால் எது என்று நாம் கேட்போம். எழுத்து என்றால் எந்தப் பக்கம் பார்த்து என்று கேட்போம். புள்ளிக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை; கேட்கத் தோன்றவில்லை. கண்ணாடி முன்னால் கையைத் தொங்கவிட்டு நிற்கும் தேசிங்குக்காக நான் குத்தியிருந்தேன். ஆனால் அவர் அம்மன் முன்னால் ஒரு நிமிடம்கூட அப்படி நிற்கப்போவதில்லை.

தம்பி தங்கைகளே, இந்த மாதிரி நேரத்தில் வாய்தான் முதலில் ஓடும். "பரவால்ல, சரி பண்ணிடலாம்" என்று சொல்லிவிடுவோம். எப்படி என்று தெரியாமல் அதைச் சொல்லாதீர்கள். நான் மெஷினின் ஒயரைப் பிடுங்கினேன். கையுறையைக் கழற்றினேன். கையுறை இருந்தால் கை எதையாவது செய்துகொண்டே இருக்கும்.

"இது எப்பிடி நடந்துச்சுன்னு புரியுது. என்ன பண்ணலாம்னு இன்னும் புரியல. கொஞ்ச நேரம் குடுங்க," என்றேன்.

கொஞ்ச நேரம் கிடைக்கவில்லை. எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்த நடராஜன், முடிந்திருக்கும் என்று படியேறி வந்துவிட்டார். ஆறடி உயரம், நெற்றி நிறைய மஞ்சள்.

"இன்னா மாப்ள, காட்டு."

தேசிங்கு கையைக் காட்டினார். எதிரே நின்ற நடராஜன் தன் இடப்பக்கத்திலிருந்து படித்தார். எதிரே நிற்கிறவருக்கு முழங்கைதான் இடப்பக்கம். "டி டி தொம், டி தொம் தொம். சோக்கா கீது! அப்பறம் இன்னாத்துக்கு ரெண்டு பேரும் மூஞ்சிய தூக்கி வெச்சுக்கினு கீறீங்க?"

மறைத்திருக்கலாம். அவருக்கு அது சரியாகத்தான் தெரிந்தது. தேசிங்கு மறைக்கவில்லை. எழுந்து மச்சானின் பக்கத்தில் போய் நின்று, கையை மடக்கி, "இங்கேருந்து பாரு மச்சான்," என்றார்.

நடராஜன் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ஐயையோ, பேஜாரா பூடுச்சேடா. இத்த கையில வெச்சுக்கினா ஆத்தா எதுக்க நிக்கப்போற? நான் உட்டாலும் செட்டுல உடுவானுங்களா? எப்படா சாக்கு கெடைக்கும்னு காத்துக்கினு கீறானுங்க."

"அப்ப நான் பின்னாடி நின்னுக்கிறேன் மச்சான்," என்றார் தேசிங்கு.



நடராஜன் என் பக்கம் திரும்பினார். "எம்மா, அது மேல பெரிசா ஒரு சூலத்தப் போட்டு மூடிடு. முடிஞ்சுது கத."

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் விழுவார்கள். பதற்றத்தில் வாடிக்கையாளரே ஒரு வழி சொல்லும்போது, அதைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கத் தோன்றும். நான் மாட்டேன் என்றேன். இப்போதுதான் குத்திய புண்ணின் மேல் அவ்வளவு கறுப்பை ஏற்றினால் தோல் தாங்காது, ஆடிக்குள் ஆறாது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் சொன்னேன்: "சூலத்துக்கு அடியில என்ன இருக்குதுன்னு இவருக்குத் தெரியுமே. ஒவ்வொரு தடவ கைய மடக்குறப்பவும் இவர் சூலத்தப் பாக்கமாட்டார்."

"ஆமாக்கா," என்றார் தேசிங்கு.

நான் ஒரு தாளை எடுத்து, கையில் இருந்ததை அப்படியே வரைந்தேன். நம் தொழிலில் அழிக்க முடியாது, சேர்க்கத்தான் முடியும். பெரிய புள்ளியைச் சின்னதாக்க முடியாது, சின்னதைப் பெரிதாக்கலாம். அப்படியானால் எந்தச் சின்னதைப் பெரிதாக்கலாம், எங்கே ஒன்றைச் சேர்க்கலாம்? இதுவரை கேட்ட கேள்வி, வரிசையை எப்படித் திருப்புவது என்பது. திருப்ப முடியாது. திரும்பினாலும் மாறாத ஒரு வரிசை வேண்டும். அதைத் தேடினால் போதும் என்று தோன்றியதும் கை வேகமாக ஓடியது. முழங்கைப் பக்கத்திலிருந்து இரண்டாவதாக இருந்த சின்னப் புள்ளியைப் பெரிதாக்கினேன். மணிக்கட்டுப் பக்கம், கடைசியில், ஒரு சின்னப் புள்ளியைச் சேர்த்தேன்.

டி தொம் தொம் டி தொம் தொம் டி.

தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். அதேதான். எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுதான். ஆனால் இது செட்டின் அடியும் இல்லை, பாடையின் அடியும் இல்லை. அடிக்க வருமா என்று எனக்குத் தெரியாது. அதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

நடராஜன் தாளைப் பார்த்துக்கொண்டே மேசையில் தட்டினார். தடுமாறினார். மறுபடி தட்டினார். "ஏழு வருதேம்மா. ஆறுல ஆடிக்கினு இருந்தவன் ஏழாவதுல கால எங்க வெப்பான்? நொண்டிக்கினு போற மாரி கீது."

தேசிங்கும் முயன்றார். அவருக்கும் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் இடித்தது. இரண்டு பேரும் மேசையின் இரண்டு ஓரத்தில் தட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

பவானி டிபன் பாக்ஸை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். அவளுடைய கையில் யாரும் பம்பையைக் கொடுத்ததில்லை. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்ததால் காதில் மட்டும் எல்லாம் இருந்தது. மெதுவாகத் தட்டினாள். டி தொம்தொம், டி தொம்தொம், டி. டி தொம்தொம், டி தொம்தொம், டி. மூன்றாவது சுற்றில் அவளுடைய தோள் ஆட ஆரம்பித்தது.

"ண்ணா, நீ ஏழாவதுல நிக்கிற. அதான் இடிக்குது. நிக்காத. கடேசி டி, மறுபடியும் மொத டி, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வருது பாரு. டிடி! அங்க காலே வெக்கக்கூடாது. அங்கதான் குதிக்கணும்."

"இன்னாது, குதிக்கணுமா?"

"ஆமா. ரெண்டு காலும் மேல. தொம்முல கீழ வா."

நடராஜன் நம்பாமல் பார்த்தார். பிறகு மேசையில் தட்டினார், டிடி வந்த இடத்தில் அவரை அறியாமல் குதிகால் எழும்பியது. தேசிங்கு சேர்ந்துகொண்டார். மேசை, நாற்காலி, டிபன் பாக்ஸ். கீழே செல்போன் கடைக்காரர் என்ன இடிகிறது என்று படியேறி வந்து எட்டிப் பார்த்தார். அவர் கேள்வி கேட்பதற்குள் அவருடைய தலையும் ஆட ஆரம்பித்துவிட்டது. நான் என் தொழிலில் பார்த்த மிகச் சந்தோஷமான மத்தியானம் அது. மெஷின் சுவரோரம் ஒயர் பிடுங்கப்பட்டுக் கிடந்தது. கடை முழுக்கச் சத்தம்.

நடராஜன் திடீரென்று தட்டுவதை நிறுத்தினார். எல்லோரும் நிறுத்தினோம்.

"யாரும் அடிக்காத அடி இது," என்றார். "ஆத்தாவுக்குப் புதுசு. கெட்டது கெடையாது. நீ முன்னாடி நின்னு அடிச்சுக்காட்டு மாப்ள. செட்டுல எவனாவது வாயத் தொறந்தா, மொதல்ல இத்த அடிச்சுக்காட்டிட்டு அப்பறமா பேசச்சொல்லு."

பவானி கேட்டாள்: "கண்டுபுடிச்ச எனக்கு இன்னா?"

"ஊட்டுக்குப் போனா ஒனக்கு ஒரு பம்பை. போதுமா?"

"வாய்ல சொன்னா ஆச்சா? அக்கா, நீங்க சாட்சி."

புதுக் கையுறை போட்டேன். ஒரு புள்ளியைப் பெரிதாக்கினேன், ஒரு புள்ளியைச் சேர்த்தேன். இந்த முறை அவரைக் கண்ணாடி முன்னால் நிற்கவைக்கவில்லை. கையை மடக்கி, பம்பை அடிக்கிற நிலையில் உட்காரவைத்து, அவர் தலைக்குப் பின்னாலிருந்து ஒரு தடவை, எதிரே நின்று ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் ஊசியை இறக்கினேன். அதற்குப் பிறகு எங்கள் கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் நான் கேட்ட கேள்வி இதுதான்: இந்தக் கை வேலையில் இருக்கும்போது எப்படி இருக்கும், காட்டுங்கள். நாதஸ்வரக்காரர் கையைத் தூக்கிக் காட்டுவார். வெல்டர் கவிழ்த்துக் காட்டுவார். நீங்களும் கேளுங்கள். ஸ்டென்சில் ஒட்டுவதற்கு முன்னால் கேளுங்கள்.

ஆடி ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையம் போனேன். வேப்பிலைச் சேலையும் மஞ்சள் தண்ணீருமாக நடக்க இடமில்லாத கூட்டம். சத்தத்தை வைத்துத்தான் அவர்களைத் தேடினேன். பத்துப் பன்னிரண்டு செட்டுகள் ஆறிலும் எட்டிலும் அடித்துக்கொண்டிருந்த இடத்தில், ஒரு மூலையில் மட்டும் கூட்டம் மொத்தமாகக் குதித்தது. மறுபடி குதித்தது. அங்கே போனேன்.

தேசிங்கு முன்னால் நின்று அடி எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தார். முணுமுணுத்தவர்கள் யார் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லோரும் வியர்த்து ஒழுகச் சிரித்துக்கொண்டு அடித்தார்கள். பம்பைக்காரர்கள் உச்சத்துக்குப் போகும்போது இரண்டு பேர் எதிரெதிரே வந்து நிற்பார்கள். தேசிங்குக்கு எதிரே நடராஜன் வந்து நின்றார், தோள் வலியையும் மீறி ஒரு பம்பையை மாட்டிக்கொண்டு. வேகம் ஏறியது. இன்னும் ஏறியது. எத்தனையோ வருடம் ஆறிலேயே பழகிய கை. ஒரு சுற்றில் நடராஜன் ஏழாவதைத் தவறவிட்டார். அடுத்த சுற்றிலும் விட்டார்.

அப்போது அவர் அடிப்பதை நிறுத்தாமல், தலையைத் தாழ்த்தி, எதிரே மடங்கியிருந்த தேசிங்கின் கையைப் பார்த்தார். முழங்கைப் பக்கத்திலிருந்து மணிக்கட்டு வரை ஒவ்வொரு புள்ளியாகக் கண்ணால் படித்துக்கொண்டே அடித்தார். அதே நேரத்தில் தேசிங்கும் ஒரு நொடி குனிந்து, மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து தன் கையைப் பார்த்துக்கொண்டார். இரண்டு பம்பையின் அடியும் ஏழாவதில் ஒன்றாக விழுந்தன. கூட்டம் குதித்தது. நானும் குதித்தேன்.